ஒரகடம் தூண்டில் சாஸ்திரம்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைப் பகுதியில் தூண்டில் போடுதல் என்பது, ஏரியில் தண்ணீர் இருக்கும்போது கரையிலும், வற்றியபின் கேன்டீனிலும் நடைபெறும் பொழுதுபோக்கு. கேன்டீனில் பிடிபடும் மீன்களே அளவில் பெரியவை.

இதற்கு முதலில் தேவைப்படுவது தண்ணீர். வரைபடத்தைப் பார்த்தால் வடக்கே கூவம், கிழக்கே அடையாறு, தென்மேற்கே பாலாறு என்று மூன்று ஆறுகள் இந்தப் பகுதியைச் சூழ்ந்து ஓடுகின்றன. வரைபடத்தில்தான் ஓடுகின்றன. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டுமே இருக்கும். 2021 நவம்பரில் அதில் இரு கரையும் புரள வெள்ளம் வந்தபோது, பாலத்தில் பைக்கை நிறுத்திக் குடும்பத்தோடு வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. தூண்டில் எடுத்துப் போக யாருக்கும் தோன்றவில்லை. ஆறு ஓடுவதே அதிசயமாக இருக்கும்போது அதில் மீனும் வேண்டும் என்பது பேராசை. ஆகவே இங்கே தூண்டில் சாஸ்திரம் முழுவதும் ஏரியைச் சார்ந்தது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். மேட்டிலிருந்து சரியும் மழைநீரைக் குறுக்கே கரை போட்டு மறித்து, மதகு வைத்து வயலுக்கு விட்டு, மிஞ்சியதைக் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குத் தள்ளிவிடும் இந்த ஏற்பாடு பல்லவர் காலத்திலிருந்து நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் செம்பரம்பாக்கத்துக்குத் தண்ணீர் போகும். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் நிரம்பினால் அடையாற்றில் திறக்கப்பட்டுக் கடலுக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஒரு கெண்டை மழைக்காலத்தில் சுங்கச்சாவடி எதிலும் நிற்காமல் சென்னைக்குப் போய்ச் சேரலாம். வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவனும் இரண்டாம் புலிகேசியும் மோதிய மணிமங்கலம் ஒரகடத்துக்கு வடகிழக்கே இருக்கிறது. அங்கும் பெரிய ஏரி உண்டு. இன்று அந்தப் பக்கத்து ஏரிக்கரைகளில் நடக்கும் மோதல்கள் பெரும்பாலும் மீன் குத்தகைதாரருக்கும் தூண்டில்காரருக்கும் இடையிலானவை. அது பின்னால் வரும்.

மேல்நாட்டில் தூண்டில் என்றால் டிரவுட் மீன். குளிர்ந்த மலையாற்றில், முழங்கால் வரை ரப்பர் காலுறை மாட்டி இறங்கி, இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப் பூச்சியை நீர்மேல் விழச்செய்து பிடிக்கிறார்கள். அந்தக் கலையைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களைக் கொண்டே ஒரு சிறிய ஏரிக்குக் கரை போட்டுவிடலாம். அவற்றில் சொல்லப்பட்டிருப்பதைச் சுருக்கினால் மூன்று விதிகள் தேறும். மீன் அன்றைக்கு எதைத் தின்கிறதோ அதையே காட்டு. நிழல் தண்ணீரில் விழாமல் நில். கிடைக்காவிட்டால் காற்றைக் குறை சொல். மூன்றும் ஒரகடத்துக்கு அப்படியே பொருந்தும்.

டிரவுட்டையே இங்கே கொண்டுவந்து விட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கான பதில் நீலகிரியில் இருக்கிறது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து, பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய பிரான்சிஸ் டே, 1863-இல் டிரவுட் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். வழியில் வெப்பம் தாங்காமல் முட்டைகள் வீணாயின. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வானவில் டிரவுட்டைப் பழக்கிய பிறகுதான் அது நிலைத்தது. இருபது டிகிரிக்கு மேல் தண்ணீர் சூடானாலே சங்கடப்படும் மீன் அது. ஒரகடத்தில் மே மாதம் காற்றே நாற்பதைத் தொடும். இங்கே விடப்படும் டிரவுட் பிடிபடும்போதே பாதி வெந்திருக்கும்.

ஆனால் டிரவுட் பிடிக்கும் கலைக்குத் தென்னிந்தியா செய்த உதவியை மேல்நாட்டார் வெளியே சொல்வதில்லை. பொய்ப் பூச்சி கட்டுவதற்கு மிக உயர்ந்த இறகு என்று அவர்கள் பல தலைமுறை கொண்டாடியது, நம் மலைக்காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. பளபளக்கும் புள்ளிகள் கொண்ட அந்த இறகு கப்பல் கப்பலாகப் போனது. கடைசியில் கோழியைக் காப்பாற்ற ஏற்றுமதிக்குத் தடை போட வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்து ஆற்றில் சீமான்கள் பிடித்த மீன்களில் பலவும் நம் ஊர்க் கோழிக்கு ஏமாந்தவையே.

ஏரியைத் தாழ்வாக நினைக்காத வெள்ளைக்காரரும் ஒருவர் இருந்தார். சென்னை மாகாண சிவில் சர்வீசில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-இல் ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று 1887-இல் ஏரியிலும் குளத்திலும் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொன்றும் எழுதினார். பொழுது முழுவதும் கரையில் உட்கார்ந்திருந்ததை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்க இதைவிட நல்ல வழியை அவருக்குப் பின் வந்த எந்த உத்தியோகஸ்தரும் கண்டுபிடிக்கவில்லை.

டிரவுட்டின் இடத்தில் இங்கே இருப்பது விரால். பாம்புத் தலை, உருளை உடம்பு, கறுத்த முதுகு, எதற்கும் அஞ்சாத முகம். தண்ணீரில் கரைந்த காற்று போதாமல் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிப் போகும் வழக்கம் இதற்கு உண்டு. அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு வட்டம் எழுந்து அடங்கினால் அங்கே விரால் இருக்கிறது என்று அர்த்தம். ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் மணிக்கணக்காக உயிரோடு இருக்கும். அதனால்தான் சந்தையில் டிரம் தண்ணீரில் உயிரோடு நீந்தவிட்டு விற்கிறார்கள். அறுவை சிகிச்சை ஆனவர்களுக்குப் புண் ஆற விரால் குழம்பு கொடுக்கும் வழக்கத்தால் அதன் விலை ஆஸ்பத்திரி பில்லோடு சேர்ந்தே ஏறுகிறது.

மற்ற மீன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறவை, விராலின் தம்பி. அண்ணன் கோபம் அப்படியே உண்டு, உடம்பு இல்லை. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் குத்தகைதாரர் விட்டு வளர்ப்பவை, ஆகவே அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. கெளுத்தியையும் தேளியையும் பிடிப்பது எளிது, முள்ளிலிருந்து கழற்றுவதுதான் தனிப்படிப்பு. தேளி குத்திய கையோடு கன்வேயர் பக்கம் போகிறவர் அன்று உற்பத்திக்கு உதவமாட்டார். ஜிலேபி 1952-இல் மண்டபத்துக்கு வந்து இறங்கிய ஆப்பிரிக்க மீன். முட்டையை வாயிலேயே அடைகாத்துப் பெருகி, இன்று தண்ணீர் தேங்கிய எந்தப் பள்ளத்திலும் வாரிசுரிமை கோருகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி, அரசு தடை செய்த மீன். தடையைப் பற்றி அதற்கு யாரும் தெரிவிக்கவில்லை.

பனையேறிக் கெண்டைக்கு மட்டும் கொஞ்சம் இடம் தர வேண்டும். 1791-இல் தரங்கம்பாடியில், டேனிஷ் கம்பெனியின் லெப்டினன்ட் டால்டார்ஃப் என்பவர், மழை ஓடிய ஒரு பனைமரத்தின் பட்டையில் இந்த மீன் செவுள்முள்ளை ஊன்றி ஏறியதைக் கண்டதாக எழுத, லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. பின்வந்த விஞ்ஞானிகள், மீன் தரையில் ஊர்ந்து போகும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். மரம் ஏறும் என்பதில் பலருக்குச் சந்தேகம். ஒரகடம் பக்கத்து ஏரிக்கரைகளில் பனைக்குக் குறைவில்லை. மழை நாளில் மேலே அண்ணாந்து பார்த்தபடி தூண்டில் போடுபவர் எவரையாவது கண்டால், அவர் டால்டார்ஃபைப் படித்தவர் என்று கொள்ளலாம்.

கருவிகள் இரண்டு வகைப்படும். முதல் வகை, மூங்கில் கழி, நரம்பு, மயிலிறகுத் தண்டிலோ பழைய ரப்பர் செருப்பிலோ வெட்டிய தக்கை, முள். மொத்தச் செலவு ஒரு டீ, ஒரு வடை. இரண்டாம் வகை, கார்பன் ராடு, பேரிங் வைத்த ரீல், பின்னல் நரம்பு, நிறம் நிறமாக ரப்பர் தவளை. இதன் செலவு வீட்டில் எப்போதும் பாதியாகவே அறிவிக்கப்படுகிறது. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றி, 2010-இல் ரெனோ–நிஸான் ஒரகடத்தில் உற்பத்தி தொடங்கி, பின்னால் லாரியும் புல்லட்டும் டயரும் இங்கேயே தயாராகும் நிலை வந்த பிறகு, முதல் வகையினர் மெல்ல இரண்டாம் வகைக்கு மாறினார்கள். மீன்கள் இந்த முன்னேற்றத்தில் பங்கேற்கவில்லை. அவை இன்றும் பரோட்டாக் கடையில் இனாமாக வாங்கிய மைதா உருண்டைக்கே வருகின்றன.

இரை விஷயத்தில் கரையில் கட்சிகள் உண்டு. கெண்டைக்கு மைதா, கெளுத்திக்குக் கோழிக்குடல், ஜிலேபிக்கு மண்புழு என்பது பொதுக் கொள்கை. மைதாவில் வெனிலா எசன்ஸ் சேர்ப்பது ஒரு கட்சி, பெருங்காயம் சேர்ப்பது எதிர்க்கட்சி. மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வேலை பார்க்கும் இளைஞர்கள் குளத்து மீனிலேயே வளர்ந்தவர்கள். வங்காளத்து ஆள் பிண்ணாக்கும் தவிடும் கலந்து, வெந்தயம் முதலிய சரக்குகளை வறுத்துப் பொடித்துச் சேர்த்து, முதலில் தண்ணீரில் தூவிவிட்டுப் பிறகுதான் தூண்டிலைப் பிரிப்பார். அந்த வாசனைக்கு ரோகு வருவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் தமிழ்த் தூண்டில்காரருக்குப் பசி வந்துவிடும். மொழி தெரியாத இருவர் நடுவே இரை கடன் கொடுக்கப்படுவது இங்கே சாதாரணம். கிடைத்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது மட்டும் எந்த மொழியிலும் கிடையாது.

விராலுக்கு ரப்பர் தவளை. இதுதான் இந்தப் பகுதியின் பொய்ப் பூச்சி. அல்லி இலைமேல் தவளையை விழவைத்து, மெதுவாக நடத்தி, இலை விளிம்பில் ஒரு கணம் நிறுத்த வேண்டும். விரால் அடிக்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த நொடியில் இழுத்தால் தவளை மட்டும் முகத்துக்கு நேராகத் திரும்பி வரும். மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, மீன் வாயை மூடித் திரும்பிய பிறகே சுண்ட வேண்டும். லைனில் சில நொடிகளுக்கு ஒருமுறை கை இயங்கிப் பழகியவர்களுக்கு இந்த இரண்டு நொடி சும்மா இருப்பது பெரும் தவம். பலரால் முடிவதில்லை. அவர்களின் தவளைகள் கரையிலுள்ள சீமைக் கருவேல மரங்களில் காய்த்துத் தொங்குகின்றன. இந்தப் பகுதியில் அதிகமான தவளைகளைப் பிடித்த பெருமை அந்த மரத்தையே சேரும்.

நேரத்தைப் பொறுத்தவரை, விரால் விடியலிலும் அந்தியிலும் இரை எடுக்கும். தொழிற்சாலை மூன்று ஷிப்ட் ஓடும். காலை ஆறு மணி ஷிப்ட்காரருக்கு அந்தி கிடைக்கும், விடியல் போய்விடும். மதிய ஷிப்ட்காரருக்கு விடியல் கிடைக்கும், அந்தி போய்விடும். இரவு ஷிப்ட்காரருக்கு இரண்டும் கிடைக்கும். ஆனால் அவர் தக்கையைப் பார்த்தபடியே தூங்கிவிடுவார், மீன் ராடோடு போய்விடும். ஜெனரல் ஷிப்ட்காரருக்கு ஞாயிறு மட்டும், அதுவும் மாமனார் வீட்டு விசேஷம் இல்லாத ஞாயிறு. ஆறு வழிச் சாலையில் கம்பெனி பஸ் போகும்போது ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துப் பெருமூச்சு விடும் முகங்கள் இந்த நான்காம் வகையினருடையவை.

தொழிற்சாலையில் கற்றதை ஏரியில் பயன்படுத்தும் முயற்சிகளும் உண்டு. ஒரு கோளாறுக்கு ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் மூலகாரணம் கிடைக்கும் என்பது ஜப்பானிய முறை. மீன் ஏன் கிடைக்கவில்லை? கடிக்கவில்லை. ஏன் கடிக்கவில்லை? சேற்றுக்குள் போய்விட்டது. ஏன் போனது? தண்ணீர் சூடாகிவிட்டது. ஏன் சூடானது? சித்திரை வெயில். சித்திரையில் ஏன் வந்தாய்? அப்போதுதான் பராமரிப்புக்காக பிளாண்ட்டை மூடி லீவு விடுகிறார்கள். மூலகாரணம் நிர்வாகம் என்று நிரூபணமாகி, ஆய்வு அத்துடன் நிறுத்தப்படும்.

பருவங்களுக்கு வரலாம். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. கம்பெனிக் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏரியின் மீன்பாசிக் குத்தகை பசலிக் கணக்கில் ஜூலையிலிருந்து ஓடுகிறது. ஏரியோ இவை எதையும் மதிக்காமல் ஐப்பசியில் வருடத்தைத் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் வருகிறது. தீபாவளி போனஸும் அப்போதே வருவது ஒரு தெய்வச் செயல். மழைக்கும் ரீலுக்கும் ஒரே சமயத்தில் வழி பிறக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி ‘கோடி போகும்’. கலங்கலில் வழியும் புதுத்தண்ணீரை எதிர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் ஏறி வரும். இது தூண்டிலுக்கு உரிய காலம் அல்ல. வலைக்கும் பறிக்கும் கொசுவலைக்கும் லுங்கிக்கும் உரிய காலம். ஊரே கலங்கலில் நிற்கும்போது ராடோடு போய் நிற்பவரைச் சிறுவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அடைமழையில் ஏரிநீர் சாலைக்கு வந்தால் விராலும் சாலைக்கு வரும். ஷிப்டுக்குப் போகிறவர் ஹெல்மெட்டில் மீன் பிடித்துக்கொண்டு நின்றதால் தாமதமானார் என்பதை நம்பாத மேற்பார்வையாளர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். 2015 டிசம்பர் வெள்ளத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. செம்பரம்பாக்கம் திறக்கப்பட்டு அடையாறு ஊருக்குள் புகுந்த அந்த நாட்களைப் பற்றிக் கரையில் இன்றும் யாரும் தமாஷாகப் பேசுவதில்லை. ஏரி நிரம்பும் காலத்தில் அங்கே போலீஸ் காவல் உண்டு. தூண்டிலோடு போனால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் விரால் குஞ்சு பொரித்திருக்கும். செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் பந்தாகத் திரண்டு நீர்மட்டத்தில் நகரும். அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்தப் பந்தின் நடுவே எதைப் போட்டாலும் பெற்றோர் பாய்ந்து கடிக்கும், பசிக்காக அல்ல. இதை அறிந்தவர்கள் குஞ்சுப் பந்தைத் தேடியே வருவார்கள், அரை மணியில் ஜோடியையும் தூக்கிக்கொண்டு போவார்கள், மறுநாள் ஜிலேபியும் நீர்க்காகமும் குஞ்சுகளைத் தின்று முடித்திருக்கும். பிடிப்பதற்கு மிக எளிய காலம் இது. கையில் திறமை இல்லாதவருக்கே இந்தக் காலம் தேவைப்படுகிறது. நல்ல தூண்டில்காரர் பந்தைக் கண்டால் அடுத்த மதகுக்கு நடந்துவிடுவார்.

தை மாதம் குளிர். தண்ணீர் தெளிந்து, தூண்டில்காரரின் முகம் மீனுக்கு நன்றாகத் தெரியும். காணும் பொங்கலன்று ஏரிக்கரை முழுவதும் குடும்பங்கள், கரும்பு, ஸ்பீக்கர். தூண்டில்காரருக்கு ஆண்டிலேயே அதிகமான பார்வையாளர்கள் கிடைப்பது அன்றுதான். பார்வையாளர் மூவகை. ‘இன்னாண்ணா, மாட்டிச்சா?’ என்று கேட்டுவிட்டுப் போகிறவர் முதல் வகை. இவரால் தீமை இல்லை. பையைத் திறந்து பார்ப்பவர் இரண்டாம் வகை. ‘நேத்து இதே எடத்துல ஒருத்தர் மூணு கிலோ எடுத்தாரு தலைவா’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்பவர் மூன்றாம் வகை. மூணு கிலோ எடுத்த அந்த ஒருத்தரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லா ஏரியிலும் நேற்று அவர் வந்திருக்கிறார்.

மாசியும் பங்குனியும்தான் உண்மையான தூண்டில் காலம். தண்ணீர் மெல்ல இறங்கி, அல்லியும் கோரையும் கரையோரம் திரண்டு, தவளைகள் பெருத்திருக்கும். கிளைகளைப் போல ஏரிக்குள் நீண்டிருக்கும் பள்ளங்களில் விரால் ஒதுங்கும். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். குத்தகைதாரரின் ஆள் சைக்கிளில் கரையைச் சுற்றி வருவதும் இந்த மாதங்களில்தான். மீன்குஞ்சு வாங்கிவிட்டு, ஏலத்தொகை கட்டி, காவலும் போட்டவருக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. ‘கட்லா, ரோகு மாட்டினா விட்டுருவேன்ணா, விரால் மட்டும்தான்’ என்று தூண்டில்காரர் சொல்வதும் முழுப் பொய் அல்ல. பெரும்பாலும் ஒரு டீயில் முடிகிறது. முடியாத இடத்தில் ராடு பறிபோகும். குத்தகைதாரருக்கும் தூண்டில்காரருக்கும் பொதுவான எதிரி, கரண்ட் கம்பியைத் தண்ணீரில் விட்டுப் பிடிப்பவர். வெடிக்கும் விஷத்துக்கும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடை போட்டது. அதற்கு முன்னால் பல ஆண்டுகள் மீனுக்காக வாதாடியவர்களில் மேலே சொன்ன டேயும் தாமஸும் முக்கியமானவர்கள். கம்பிக்காரர் ஏரியையும் காலி செய்கிறார், சில சமயம் தன்னையும்.

சித்திரை, வைகாசியில் அக்னி நட்சத்திரம். ஏரி நடுவில் குட்டையாகச் சுருங்கி, மீதி இடத்தில் ஸ்டம்ப் நடப்படும். விரால் சேற்றுக்குள் இறங்கி மழைக்குக் காத்திருக்கும். குத்தகைதாரர் கடைசி வலை போட்டு வாரிவிடுவார். கழிவுநீர் வாய்க்கால் வந்து கலக்கும் ஏரிகளில் தண்ணீர் கறுத்து, மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதப்பதும் இந்த வெயிலில்தான். அந்த வாரம் மட்டும் ஏரிக்கரைக்கு அதிகாரிகள், நிருபர்கள், மாதிரி எடுக்கும் பாட்டில்கள் எல்லாம் வரும். மழை வந்ததும் பாட்டிலைத் தவிர மற்றவை கலைந்துவிடும். பாட்டில் ஏரியிலேயே தங்கும்.

ஆனி, ஆடியில் மேற்கே இடி முழங்கி மாலை மழை பெய்யும். முதல் நல்ல மழைக்குப் பிறகு புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். மேல்நாட்டு டிரவுட்காரர்கள், ஆற்றில் பூச்சி பொரித்து எழும் அந்தச் சில மணி நேரத்துக்காக வருடமெல்லாம் காத்திருப்பார்கள். ஒரகடத்தில் அதற்குச் சமமானது இதுதான். தொழிற்சாலை மதில் விளக்குகளை மொய்த்த ஈசல், இறகு உதிர்ந்து பக்கத்து ஏரித் தண்ணீரில் கொட்டும். கெண்டையும் குறவையும் பனையேறியும் மேலே வந்து நீர்ப்பரப்பே கொதிப்பது போலத் தெரியும். அந்த வேளையில் மைதாவையோ மண்புழுவையோ மீன் திரும்பிப் பார்க்காது. சிறிய முள்ளில் ஒரே ஒரு ஈசலைக் கோத்து, தக்கை இல்லாமல் மிதக்க விட வேண்டும். டிரவுட் புத்தகங்களின் முதல் விதி அப்படியே பலிக்கும் இடம் இது. ஒரே இடைஞ்சல், ஈசலைப் பொரியோடு வறுத்துத் தின்னும் பழக்கம் ஊரில் இருப்பதால், இரைக்கு மீனோடு மட்டும் அல்லாமல் பாட்டிமாரோடும் போட்டியிட வேண்டும். பாட்டிமார் விளக்கடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் வெறுங்கையோடு திரும்பியதாகத் தகவல் இல்லை.

ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், கூடவே கருவாட்டுக் குழம்பு. ஏரி மீனுக்கு அந்த மாதம் மதிப்புக் குறைவு. ஆவணியில் சொல்ல ஒன்றும் இல்லை; முகூர்த்த நாட்கள் அதிகம், ஞாயிறுகள் எல்லாம் பந்தியில் போய்விடும்.

பிடித்த விராலைச் சமைப்பதில் ஒரு தொழில்நுட்பம் உண்டு. வழவழப்புப் போக அடுப்புச் சாம்பலோ கல்லுப்போ போட்டுத் தேய்க்க வேண்டும். கேஸ் அடுப்புக் குடியிருப்பில் சாம்பல் கிடையாது. மூன்றாம் மாடி பால்கனியில் உயிருள்ள விரால் வாளியிலிருந்து குதித்து இரண்டாம் மாடிக்குப் போன பிறகு நடக்கும் விசாரணையில், ‘என்னங்க, இது என்ன ரெண்டாயிரம் ரூபா மீனா?’ என்ற கேள்வி வரும். ராடு, ரீல், தவளை, பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்தக் கணக்கு குறைவானதே. கெட்டிக்காரர் மறுத்துப் பேசாமல் புளி கரைக்கப் போய்விடுவார்.

புரட்டாசி வந்துவிட்டால் எல்லாம் நிற்கும். ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். சனிக்கிழமைகளில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் கூட்டம் நெருக்கும், மாதம் முழுவதும் பல வீடுகளில் அசைவம் ஏறாது. பிடித்த மீனை முள் கழற்றித் திரும்பத் தண்ணீரில் விடுவதை மேல்நாட்டில் உயர்ந்த ஒழுக்கமாகப் போற்றி, அதற்குச் சங்கமும் விதிமுறையும் வைத்திருக்கிறார்கள். இங்கே அதைப் புரட்டாசி ஒரு மாதத்தில் சாதித்துவிடுகிறது. கை அரிப்புத் தாங்காமல் ஏரிக்குப் போகிறவர், மாட்டிய விராலைப் போட்டோ எடுத்து, கும்பிடு போட்டு விட்டுவிடுவார். கோயில் குளத்து மீன்களுக்கு வருடம் முழுவதும் புரட்டாசி என்பதால் அவைதான் இந்த வட்டாரத்திலேயே கொழுத்தவை. பக்தர் போடும் பொரியைத் தின்று, படிக்கட்டு வரை வந்து, தூண்டில்காரரை நேருக்கு நேர் பார்க்கும்.

மாத நடுவிலோ கடைசியிலோ, சில ஆண்டு ஐப்பசித் தொடக்கத்தில், ஆயுத பூஜை. தொழிற்சாலையில் ரோபோ கைக்கும் ஃபோர்க் லிஃப்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு வருகிறவர், வீட்டில் ஸ்பேனர் செட்டுக்குப் பக்கத்தில் ராடையும் ரீலையும் சாய்த்து வைப்பார். ரீலுக்குப் பொட்டு வைக்கும்போது கைப்பிடிக்கு மேல் வைக்கக் கூடாது. சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்தால் பேரிங் இறுகிவிடும். மழைக்கு முன்னால் அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும்.